எழுதாத முடிவு எடுக்காத முடிவே

(தாண்டிக்குடியில் தமிழ்மன்றச் செயலாளர்களிடை ஆற்றிய உரை)



தமிழ் வாழ்க என முழங்குதற்கு நூற்றுவர் வருவர். கூட்டம் கலைந்தபின் விளக்கடியில் அமர்ந்து, நடந்ததை எழுதிவைக்க ஒருவர் வாரார். அவ்வொருவரே செயலாளர்.

இம்மலையின் குளம்பித் தோட்டங்களுக்கிடையே நம் முன்னோர் எழுப்பிய கல்திட்டைகள் நிற்கின்றன. அவற்றுள் அடங்கியோர் யாவர்? பெயரில்லை. கீழே தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல்லொன்றோ, ஆகோள் பூசலில் பட்ட மறவன் பெயரையும் பூசல் நிகழ்ந்த கூடலூரின் பெயரையும் தமிழி எழுத்தில் இன்றும் சொல்கின்றது. பெருங்கல் இழந்ததைச் சிறுவரி காத்தது.

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் (கி.பி. 919, 921) குடவோலைக்காகவே புகழ்கின்றோம். அஃது ஆரியப் பார்ப்பனர் அவை. நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அங்கு இடம். அவ்வேற்றுமையை நாம் போற்றோம். ஆயினும், வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்கு ஆகார் என்ற விதியொன்று கொள்ளத்தக்கது. நம் மன்றங்களில் அவ்விதி நின்றால் எத்தனைபேர் எஞ்சுவோம்?

யானறிந்த மன்றமொன்றுக்கு அன்பரொருவர் படிப்பகத்துக்கென ஓர் அறை ஈந்தார். கூட்டத்தில் கைதட்டி ஏற்றோம், எவரும் எழுதவில்லை. எழுதச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அவர் மறைந்தபின் மக்கள் சான்று கேட்டனர். காட்ட ஏடில்லை. நூல்கள் தெருவுக்கு வந்தன. பகைவர் செய்த கேடன்று அது. நம் சோம்பர் செய்தது.

ஆகவே, நாள், இடம், வந்தோர் பெயர், முடிவை முன்மொழிந்தார், வழிமொழிந்தார், ஒப்பினார், மறுத்தார் தொகை ஆகியவற்றைத் தவறாது எழுதுக. மறுத்தவர் வேண்டின் அவர் மறுப்பையும் எழுதுக. பேச்சு முழுதும் வேண்டா. முடிவின் சொற்கள் முழுமையும் வேண்டும். உம் விருப்பு வெறுப்பைக் கலவாதீர். ஏட்டுக்குப் பக்க எண் இடுக, இடைவெளி விடற்க. பிழையைச் சுரண்டாது ஒரு கோட்டால் அடித்துக் கையொப்பமிடுக. அடுத்த கூட்டத்தில் படித்து, அவை ஒப்பியபின் தலைவர் கையொப்பம் பெறுக. பொறுப்பு நீங்குங்கால் ஏட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்து ஒப்புகை வாங்குக. அனைத்தையும் தமிழிலேயே எழுதுக. மேடையில் தமிழும் ஏட்டில் ஆங்கிலமும் என்பது இரட்டை வாழ்வு.

‘தமிழ்நாடு’ என்னும் பெயருக்காகச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிரீந்தார். 1967 சூலை 18இல் சட்டமன்றம் அப்பெயரை முடிவாக ஏற்றது; 1969 சனவரி 14இல் அது நடைமுறைக்கு வந்தது. முழக்கம் முடிவாகி, முடிவு சட்டமாகிய பின்னரே பெயர் நிலைத்தது.

முழக்கம் காற்றோடு போகும்; ஏடு பேரர் கைக்குப் போகும். இன்றைய கூட்டத்தின் குறிப்பை இன்றிரவே எழுதுக!

வெல்க தமிழ்!