பேரேட்டில் கண்ட ஆச்சியார்

(சிதம்பரத்தில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் எழுத்து வடிவம்)



நம் குலத்துப் பெரியோர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். 1920ஆம் ஆண்டில் இவ்வூரில் மீனாட்சி கல்லூரியை நிறுவி, 1929இல் அஃது ஒரு பல்கலைக்கழகமாக மலரக் காரணமாயிருந்த அண்ணாமலைச் செட்டியாரவர்களை இந்நகரில் அறியாதார் இலர். அத்தகையோரைப் பற்றி நூல்கள் பல உள. ஆதலின், எந்த நூலிலும் இடம் பெறாத ஓர் அம்மையாரைப் பற்றி இன்று பேசத் துணிந்தோம். அவர் எம் ஐயாவைப் பெற்ற தாயார்.

அவரைக் குறித்து எம் இல்லத்தில் வழங்கி வந்த செய்திகள் இரண்டே. இளமையிற் கணவரை இழந்தார் என்பது ஒன்று. மார்கழித் திருவாதிரைக்குத் தவறாது சிதம்பரம் வந்து நடராஜப் பெருமானைத் தரிசித்தார் என்பது மற்றொன்று. சென்ற ஆண்டு வீட்டுப் பரணைத் துப்புரவு செய்கையில் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. அதனுள் மூன்று பேரேடுகளும், அவர் திருமணத்தின் இசைகுடிமானமும், சில பத்திரங்களும் இருந்தன. அவற்றைப் படித்த பின்னர், அவ்வம்மையார் திருவாதிரைக்கு வந்தது மெய்யே என்றும், ஆனால் தரிசனம் முடிந்ததும் நெல் விலை விசாரித்து விட்டே ஊர் திரும்பினார் என்றும் அறிந்து கொண்டோம்.

பிறந்த வீட்டார் கொடுத்த சீதனம் பெண்ணுக்கே உரியது என்பது பழைய தரும நூல்களும் நீதிமன்றங்களும் ஒப்பிய கொள்கை. நம் மரபிலோ அப்பணம் பெட்டியில் உறங்குவதில்லை. கடையில் இடப்பட்டு வட்டியோடு வளரும். கடைகளின் முதலை முதற்பணம், ஆச்சிமார் பணம், கோயிற்பணம் எனப் பிரித்தெழுதுவது நம் வழக்கம். டேவிட் ரட்னர் என்னும் அமெரிக்க அறிஞர் 1994இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக் காட்டியுள்ளார். நகரத்தார் மகளிரின் சொத்துரிமை பற்றி யூகோ நிஷிமுரா என்னும் ஜப்பானிய அம்மையார் 1998இல் தனி நூலே எழுதினார். அயல் நாட்டார் கடல் கடந்து வந்து ஆராய்ந்த பொருள் நம் பரணிற் கிடந்ததை எண்ணி யாம் நாணினோம்.

பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவினர் 1929–30இல் கணக்கிட்டபடி, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றிற் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய். இரங்கூன் முகல் தெருக் கோயிலில் தமிழ் மாதம் 16ஆம் நாள் மாலை கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பர். அவ்வட்டியை எதிர்நோக்கி, கப்பலேறாத ஆச்சிமார் எத்தனையோ பேர் இங்கே வீட்டிலிருந்தபடியே கணக்குப் பார்த்தனர். எம் ஆச்சியாரும் அவருள் ஒருவர்.

அவர் பணம் அத்தகைய கடையொன்றில் இருந்ததை முதற் பேரேடு காட்டுகின்றது. இரண்டாம் பேரேட்டில், விபவ வருஷத்தில் அப்பணம் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றது. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் வருமாதலால், ஆங்கிலத் தேதியிட்ட பத்திரங்களோடு ஒப்பிட்டு, அஃது 1928–29 என்று தெளிந்தோம். அப்பணம் சிதம்பரத்தைச் சுற்றி நெல் வாங்குவதிலும், கடலூர்ப் பக்கத்து நிலங்களின் மேல் அடமானக் கடனாகவும் இறங்கிற்று. 1930இல் அரிசி விலை வீழ்ந்தது. பர்மாவிற் கடன் பெற்றோர் பணம் கொடுக்க இயலாது நிலத்தைக் கொடுத்தனர். கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம், 1937இல் 25 பங்காயிற்று. நிலம் வந்ததேயன்றிப் பணம் வரவில்லை. 1942இல் ஜப்பானியர் படையெடுப்போடு அதுவும் கைவிட்டுப் போயிற்று.

எம் குடும்பம் அச்சேதத்திலிருந்து தப்பியது ஐயாவின் முன்னறிவினால் என்று சொல்லிக் கேட்டே யாம் வளர்ந்தோம். விபவ வருஷத்தில் ஐயாவுக்கு வயது பத்து!

இனி, சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகின்றோம். பத்திரங்களின் முழு விவரம் அறியக் கடலூர் சென்றோம். 1993 வரை தென்னார்க்காடு ஜில்லாவின் தலைநகர் அதுவேயன்றோ? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதற் புத்தகத்தில் ஏறும். அதற்கு ஆட்பெயர் அட்டவணையும் சொத்து அட்டவணையும் உண்டு. கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். “இன்னார் பாரியாள்” என்றே எழுதப்பட்டிருப்பின், கணவர் பெயரையும் விலாசத்தையும் வைத்துத் தேடல் வேண்டும்.

அங்ஙனம் தேடியதில் 1934ஆம் ஆண்டு விக்கிரயப் பத்திரம் ஒன்றின் நகல் கிடைத்தது. அடமானக் கடனும் வட்டியும் தீராமையால் நிலம் எம் ஆச்சியாருக்கு விற்கப்பட்டிருந்தது. விற்றவரும் ஒரு பெண். அவரும் கணவரை இழந்தவர். கையெழுத்திட அறியாமையால் இடது பெருவிரல் ரேகை வைத்திருந்தார். எம் ஆச்சியார் வரவு வைத்த ஏக்கர் மற்றொரு தாயின் பிள்ளைகளுக்குப் பற்றாக முடிந்தது.

சென்னை அரசாங்கத்தின் 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியை நீக்கியது. அசலுக்கு இரு மடங்கு செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததென்றது. எம் மூன்றாம் பேரேட்டில் பல பக்கங்களில் வட்டித் தொகை அடிக்கப்பட்டிருப்பது இதனாலேயாம். 1934இல் நிலத்தை விற்று விட்ட அவ்வம்மையாருக்கு அச்சட்டம் நான்கு ஆண்டு பிந்தி வந்தது.

இதனைச் சபையிற் படிக்க வேண்டாமென எம் வீட்டாரிற் சிலர் தடுத்தனர். குலப் பெருமைக்கு இழுக்கென்றனர். யாம் உடன்படவில்லை. வரவை மட்டும் எழுதிப் பற்றை விடுத்தால் அஃது ஐந்தொகையாகாது என்பதைக் கணக்கு எழுதும் நம்மவர்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? எம் ஆச்சியார் துணிவும் கூர்த்த மதியும் உடையவர், கண்டிப்பான கடன்காரியுமாவார். அவ்விரண்டையும் அவரே தம் பேரேட்டில் ஒளிவின்றி வைத்துப் போனார். அதை மறைக்க நாம் யார்?

கைம்பெண்ணுக்குக் கணவர் சொத்தில் ஆயுட்காலப் பங்கு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. முழு உரிமை 1956இல் வந்தது. நம் மாநிலத்தில் மகளுக்குப் பூர்விகச் சொத்திற் பங்கு 1989இல் வந்தது. இவற்றிற்கெல்லாம் முன்னரே ஆச்சிமார் பணம் நம் கடைகளைத் தாங்கி நின்றது. ஆயினும் நம் குடும்ப வரலாறுகளில் அவர் பெயரைத் தேடினும் காணோம்.

ஆகவே மூன்று வேண்டுகோள். பரணிலுள்ள பழைய பேரேடுகளைக் காகிதக் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். கரையான் அரிக்குமுன் பக்கந்தோறும் படமெடுத்து வையுங்கள். பழைய எண்களையும் பின்னக் குறிகளையும் படிக்கத் தெரிந்த முதியோர் இன்னும் சிலரே உளர்; அவர் அருகில் பேரப் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

எம் இல்லத்துக் குடும்ப வரலாற்றில் ஆச்சியாரின் பெயரை இப்பொழுது முழுமையாக எழுதிவிட்டோம். அதன் கீழே, 1934இல் விரல் ரேகை வைத்த அவ்வம்மையாரின் பெயரையும் எழுதியிருக்கின்றோம். அவர் வழியினர் இவ்வட்டாரத்தில் இருப்பார்களாயின், எம் பெட்டியிலுள்ள மூலப் பத்திரம் அவர்கள் பார்ப்பதற்கும் உரியது.