மயக்கம் தெளியும் வேளை
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஆபத்தும் முடிந்ததென நாம் எண்ணிவிடுகிறோம். மயக்க மருந்தின் வேகம் தணியும் நேரத்தில்தான் நாக்கு பின்சரிந்து மூச்சுவழி அடைபடலாம். இரத்த அழுத்தம் வீழலாம். வாந்தி மூச்சுக்குழலுள் இறங்கலாம். நோயாளியோ வாய் திறந்து முறையிட இயலாதவர். அவருக்காகக் கண்டறியும் கடமை செவிலியருடையது.

இதற்கென 1970ஆம் ஆண்டில் ஆல்ட்ரெட் என்னும் மருத்துவர் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். கைகால் அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், உணர்வு, நிறம் என ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. சொன்னவுடன் கைகால் நான்கையும் அசைத்தால் 2, இரண்டை மட்டும் அசைத்தால் 1. ஆழ மூச்சிழுத்துத் தாராளமாக இருமினால் 2. நன்கு விழித்திருந்தால் 2, அழைத்தால் மட்டும் விழித்தால் 1. இரத்த அழுத்தம் முன்பிருந்த அளவினின்று 20 விழுக்காட்டிற்கு மேல் மாறாதிருந்தால் 2. முன்பு 150 இருந்தவர்க்கு அது 110 ஆனால் மதிப்பெண் குறையும்; முன்பே 110 இருந்தவர்க்குக் குறையாது. பள்ளியில் கற்ற விழுக்காட்டுக் கணக்கு இங்கே உயிர் காக்கிறது! பொதுவாக 9 எட்டிய பின்னரே நோயாளியை அவ்வறையினின்று அனுப்புவர்.

ஐந்தாம் பாடமாகிய நிறத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இளஞ்சிவப்பு மேனிக்கு 2, வெளிறினால் 1, நீலம் பாரித்தால் 0 என்பது விதி. வெண்மேனியில் எளிதில் தெரியும் நீலம், நம்மனோர் கருமேனியில் தெரிவது அரிது. உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். 1995இல் ஆல்ட்ரெட் நிறத்தை நீக்கி, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் பிராணவாயு அளவை வைத்தார். வெறுங்காற்றைச் சுவாசிக்கையிலேயே 92 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால் 2. ஆயினும் கருவியும் தோலின் நிறத்தைக் கடந்துவிடவில்லை. பிராணவாயுக் குறைவை அது காணத் தவறுவது, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மும்மடங்கு என 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டிற்று. எனவே எண்ணை மட்டும் நம்பாது, மார்பு ஏறி இறங்குவதையும், மூச்சின் ஒலியையும், நோயாளியின் தடுமாற்றத்தையும் செவிலியர் உற்று நோக்குதல் வேண்டும்.

இளைஞர்களே! அளவுகோலை வகுப்போர் எவரைக் கண்முன் வைத்தனரோ, அவர்க்கே அது முதலில் பொருந்துகிறது. ஆதலால் அளப்போர் வரிசையிலும், அளவுகோலைத் திருத்துவோர் வரிசையிலும் நம் பிள்ளைகள் இடம் பெறல் வேண்டும். நம்மைத் தொடலாகாது என்றது பழைய சமுதாயம். நாடியைத் தொடாமல் செவிலியம் இல்லை. மயங்கிக் கிடப்பவர் எக்குலத்தார் என அந்த ஐந்து பாடங்களுள் ஒன்றும் வினவுவதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றை மேல்நிலை வகுப்பில் ஊன்றிப் பயிலுங்கள். நர்சிங் பட்டப்படிப்பிற்கு அவையே வாயில். அவ்வாயிலில் நம் பெண்மக்களோடு ஆண்மக்களும் நுழைக!