எழுத்தில் இல்லாத கூலி

(அனந்தபுரத்தில் நடைபெற்ற இளைஞர் வழிகாட்டுதல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய சகோதரர், 'இவர் வீடியோ எடுப்பவர்' என்று சொல்லி அமர்ந்துவிட்டார். உடனே முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், பேத்தியின் திருமணத்திற்குத் தேதி கேட்டார். நான் எடுப்பது அந்த வீடியோ அல்ல. செஞ்சிக் கமிட்டியில் மணிலா மூட்டை இந்த வாரம் ஏன் விலை இறங்கியது? கடை மேசையில் இருந்துகொண்டு 'பணம் வந்துவிட்டது' என்று குரல் கொடுக்கிறதே ஒரு சின்னப் பெட்டி, அது எப்படி வேலை செய்கிறது, அதற்கு மாத வாடகை ஏன் பிடிக்கிறார்கள்? இவற்றைத்தான் எழுதியும், பேசியும், படம் பிடித்தும் தருகிறேன். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. எந்த நிறுவனத்திற்கும் நான் ஊழியன் அல்ல. வேலைக்கு வேலை கூலி.

இது ஒரு பிழைப்பா என்று கேட்பவர்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் வயலோரம் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டியவர்கள், 2018-இல் தொடங்கி 2021-க்குள் ஒரு கோடி சந்தாதாரர்களைச் சேர்த்தார்கள். அவர்களுக்கு முன்பே, கணினித் திரையில் தமிழ் தெரிவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' என்ற யுனிகோட் எழுத்துருவை உருவாக்கி அனைவருக்கும் இலவசமாகத் தந்தார். 2006 ஜூலையில் அவர் காலமானார். அப்படிப்பட்டவர்கள் போட்டுத் தந்த பாதையில்தான் இன்று நாம் தமிழில் தொழில்நுட்பம் பேசுகிறோம். ஆகவே ஊர் சிறியது என்பது ஒரு தடையே அல்ல. தடை எங்கே இருக்கிறது என்பதை என் அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன்.

தொழில் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு நிறுவனம் என்னைத் தொலைபேசியில் அழைத்தது. ஆறு வீடியோ, நான்கு கட்டுரை கேட்டார்கள். தொகையைப் பேசி முடித்தோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான். கடனுக்கு ஒரு கேமராவும் மைக்கும் வாங்கி, திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் பேருந்தில் அலைந்து முடித்துக் கொடுத்தேன். ஐந்து மாதம் ஆகியும் பணம் வரவில்லை. பிறகு ஒருநாள், 'நாங்கள் கேட்டது இப்படி அல்லவே' என்றார்கள். எப்படிக் கேட்டார்கள் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள் கூட இல்லை. கேமராத் தவணையைக் கட்டியது என் தாயாரின் வளையல்.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். அதில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியில் இருந்து எழுதித் தருபவரின் கட்டுரை அவருக்கே சொந்தம். ஆனால் ஒருவர் கேட்டு, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம்! ஒரே ஆள், ஒரே வாரம், ஒரே வேலை. எழுத்து என்னுடையது, படம் அவருடையது. உரிமையை எழுத்து மூலமாக மட்டுமே மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாட்டிற்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவிற்கு மட்டும். இது தெரியாமல் எத்தனை பிள்ளைகள் தங்கள் உழைப்பைத் தாரை வார்க்கிறார்கள்?

கூலிக்கும் வழி இருக்கிறது. 'உத்யம்' பதிவு என்று ஒன்று 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கட்டணம் இல்லை. கடை இல்லாமல் வீட்டில் இருந்து சேவைத் தொழில் செய்பவரும் பதியலாம். பதிந்த சிறுதொழிலருக்குப் பேசிய கெடுவுக்குள் பணம் வர வேண்டும். அந்தக் கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. கெடுவே பேசவில்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. இதைச் சொல்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். முறையீட்டிற்கு மாநில அளவில் வசதிக் குழுக்கள் உள்ளன. ஆனால் வேலை எடுப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகு பந்தல் போட முடியுமா? வருமான வரி, ஜிஎஸ்டி விவரங்களை ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தரும் கட்டணம் வீண் செலவல்ல.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம்மிடம் பணம் தராதவர்கள் ஒரு வகை என்றால், தேவைக்கு மேல் தர வருபவர்கள் இன்னொரு வகை. ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனம் மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022-இல் வழக்குப் பதிந்தது. நம் வட மாவட்டங்களில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் எத்தனை பேர்! இத்தகைய திட்டங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச என்னையும் அழைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு, என் மூன்று மாத வருமானம். மனம் ஆடவில்லை என்று சொன்னால் அது பொய்.

காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்பதை வீடியோவிலேயே, வீடியோவின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏமாற்று விளம்பரத்தில் பேசியவருக்கு 10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. பங்குச் சந்தையைப் பற்றிப் பேசும் தம்பிகள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். பாடம்தானே நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு கடந்த மூன்று மாத விலையைக் காட்டி ஒரு பங்கைப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

ஒப்பந்தத் தாளின் மாதிரி கொண்டு வந்திருக்கிறேன். ஒரே பக்கம்தான். என்ன வேலை, எத்தனை முறை திருத்தித் தருவது, எவ்வளவு தொகை, அதில் முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில், உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டு என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன். இதைப் பத்திரிகையில் படிக்கும் நீங்களும் இந்த வரிசையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருப்பேன். அறுபது நகல்தான் இருக்கிறது. போதாவிட்டால் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று சொன்னார்கள்.