கரண்ட் வைத்துக்கொண்ட தாய்



மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் வரும் அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியும். 12 ஆண்டு இரத்தப்போக்கு. பல மருத்துவரிடம் கைப்பொருளையெல்லாம் செலவழித்தும் குணமில்லை. யூதச் சட்டப்படி அவர் தீட்டுள்ளவர். அவர் உட்கார்ந்த இடத்தைத் தொட்டாலும் தீட்டு. அதனால்தான் கூட்டத்தில் பின்பக்கமாக வந்து, இயேசுவின் மேலுடையைத் தொட்டுவிட்டு நழுவப் பார்க்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். கருப்பை வாய்ப் புற்றுநோய். "கரண்ட் வைக்கிறாங்க சாமி" என்றார். கதிர்வீச்சு சிகிச்சையை நம் ஊரில் அப்படித்தானே சொல்கிறோம்! 11 முறை போனவர், நான்கு நாளாகப் போகவில்லை. அசதியும் வயிற்றுப்போக்கும் மட்டுமே காரணமல்ல. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு. பேரனைத் தூக்க விடவில்லை, கதிர் குழந்தைக்கும் ஏறிவிடுமாம்.

ஏறாது, நேயர்களே. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர், இயந்திரம் நின்றதும் நின்றுவிடும். உடலில் தங்காது, தொட்டால் பரவாது. பொதுவாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 வாரம்; ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான், வலி இருக்காது. வாரம் ஒருமுறை மருந்தும் ஏற்றுவார்கள். பிறகு உள்ளேயே கருவி வைத்துச் சில முறை கதிர் கொடுத்து, அதை எடுத்துவிடுவார்கள். எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் விட்டால் தப்பிய புற்றணுக்கள் மறுபடி பெருகும். நோய் தூரத்து உறுப்புகளுக்குப் பரவாத நிலையில், அறுவை இல்லாமலே பலரைக் குணமாக்கும் சிகிச்சை இது.

கணவர்மாருக்கு ஒன்று. சிகிச்சைக்குப் பின் மனைவிக்குப் பிறப்புறுப்பு வறண்டு சுருங்கலாம். இளவயதென்றால் மாதவிடாயும் நின்றுபோகலாம். அவர் விலகினால் அது வெறுப்பல்ல. இருவரும் சேர்ந்து போய் மருத்துவரிடம் கேளுங்கள். கோவிலில் பேசுகிற விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். நோயிலும் கைவிடேன் என்று பீடத்தின் முன்தானே சொன்னோம்?

இயேசு அந்தப் பெண்ணை நழுவ விடவில்லை. தம்மைத் தொட்டது யாரென்று கூட்டத்தின் நடுவிலேயே கேட்டார். அவர் நடுங்கியபடி எல்லாவற்றையும் சொன்னார். தீட்டுப்பட்டதாக இயேசு ஒதுங்கவில்லை. மகளே என்று அழைத்தார்.

அந்தத் தாயோடு இப்போது அன்பியத்துப் பெண்கள் முறைவைத்துப் பேருந்தில் போய்வருகிறார்கள். விட்ட நாட்களுக்கு ஈடாக மருத்துவர் கணக்கை மாற்றிக் கொடுத்திருக்கிறார். சென்ற வெள்ளியோடு 20 முறை முடிந்தது. அன்று மாலை அவர் பேருந்திலிருந்து இறங்கியபோது பேரன் ஓடிவந்தான். மருமகள் தடுக்கவில்லை.