கம்பியில் குற்றமா, காதில் குற்றமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் இயந்திரவியல் துறை, 2009 அணி)



பழைய மாணவன் மேடையேறினால் அமெரிக்காவைப் பற்றிப் பேசுவான், இல்லையென்றால் வெற்றியின் ரகசியம் சொல்லுவான். நான் இன்னும் ஒரகடத்தைத் தாண்டவில்லை. வெற்றியின் ரகசியமும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் நாலு கம்பி. பேஸ் கிட்டார் கம்பி. "இதுக்கா மைக் கொடுத்தோம்?" என்று செயலாளர் அண்ணன் பார்க்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அண்ணே, இந்தக் கல்லூரியில் எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் வந்திருக்கிறேன்.

பேஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் நாலே கம்பிதான். பாட்டில் அது இருப்பது பலருக்குத் தெரியாது. நிறுத்திவிட்டால் "என்னமோ குறையுதே" என்பார்கள். இருப்பதில் தடித்த கம்பி வினாடிக்கு 41 முறை அதிரும். நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. இந்தச் சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில்தான் நம் கதையின் வில்லன் உட்காருகிறான்.

2008-ல் நம் இசைக்குழுவுக்கு ஒரு பேஸ் கிட்டார் இருந்தது. அதில் இருந்த கம்பிகள் எப்போது போட்டவை என்று யாருக்கும் தெரியாது. அதை வாசித்தவன் என் அறைத்தோழன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கை ரொம்ப வேர்க்கும். தேர்வு எழுதும்போது விடைத்தாள் நனையாமல் இருக்கக் கைக்குட்டை விரித்து அதன்மேல் கை வைத்து எழுதுவான்.

புதுக் கம்பி வாங்கக் குழுவில் காசு கிடையாது. பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் அழுக்கு இளகி ஓசை திரும்பும் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மைதான், பேஸ் வாசிப்பவர்கள் பலரும் செய்திருக்கிறார்கள். நாங்களும் விடுதி மெஸ்ஸில் கொதிக்கப் போட்டோம். மெஸ் அண்ணன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன நூடுல்ஸ், எவ்வளவு நேரம் வேகணும்?" என்றார். சில நாள் நன்றாக ஒலித்தது. பிறகு ஈரம் உள்ளே தங்கித் துருப்பிடித்து முன்னைவிட மோசமாகிவிட்டது.

அந்த வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு நான்குநாள் இருக்கும்போது ஒத்திகை. நான் கீபோர்டு, குழுவுக்குப் பொறுப்பாளனும் நான்தான். பேஸ் மட்டும் சேரவே இல்லை. அவன் திரும்பத் திரும்ப டியூன் செய்கிறான், திரும்பத் திரும்பப் பிசகுகிறது. எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்: "உனக்குக் காதே இல்லைடா. நீயெல்லாம் ஏன் வாசிக்க வர்ற?" மறுநாள் வெளியிலிருந்து ஒரு பையனைச் சொந்த கிட்டாரோடு கூட்டி வந்தோம். பேஸ் சேர்ந்தது, பரிசும் வந்தது. ஆக, நான் சொன்னதுதான் சரி என்று நிரூபணம் ஆகிவிட்டது! என் நண்பன் ஒன்றுமே சொல்லவில்லை. கிட்டாரைத் துடைத்துக் குழு அறையில் வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு அவன் வாசித்து நான் பார்க்கவில்லை.

2022-ல் நானே ஆசைப்பட்டு ஒரு பேஸ் கிட்டார் வாங்கினேன். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் கேட்கவா வேண்டும்? கம்பி சீக்கிரமே மங்கியது. கடைக்காரர், "சார், கோட்டட் ஸ்டிரிங் போடுங்க, ரொம்ப நாள் வரும்" என்றார். விலை சாதாரணக் கம்பியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நான் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்பவன். "சொன்னதை நம்பாதே, அளந்து பார்" என்பது எங்கள் வேதம். சரி, அளக்கலாம் என்றால் என் கை காய்ந்த கை. சோதனை என்றால் கடுமையான நிலையில் அல்லவா செய்யவேண்டும்? அப்போதுதான் அவன் ஞாபகம் வந்தது. தாம்பரத்தில் இருந்தான். போன் போட்டேன்.

"டேய், உன் கை வேணும்டா."

"எதுக்குடா, கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடவா?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எனக்குத்தான் காது இல்லையே மச்சான்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் வந்தான். சோதனை இதுதான். ஒரே கிட்டார். ஒரே தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு முதல் 105 பங்கு வரை. முதலில் சாதாரணக் கம்பி, பிறகு பூச்சுக் கம்பி. தினமும் மாலை அரைமணி நேரம் அவன் வாசிக்க வேண்டும், துடைக்கக் கூடாது. ஞாயிறுதோறும் ஒரே சின்ன வாசிப்பை, ஒரே அமைப்பில், நேரே கணினியில் பதிவு செய்வோம். கூடவே ஒவ்வொரு கம்பியையும் சும்மா மீட்டியும், 12-ஆம் கட்டையில் அழுத்தி மீட்டியும் டியூனரில் பார்ப்போம். 12-ஆம் கட்டையில் சரியாக இரண்டு மடங்கு அதிர்வு வரவேண்டும், அதாவது 41.2 ஹெர்ட்ஸ் கம்பி 82.4 காட்டவேண்டும்.

சாதாரணக் கம்பி முதல் நாள் கணீரென்று இருந்தது. இரண்டாவது ஞாயிறே பளபளப்பு போய்விட்டது. நாலாவது ஞாயிறு நடந்ததுதான் முக்கியம். தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் டியூனர் முள் நடுவில் நிற்கிறது. 12-ஆம் கட்டையில் அழுத்தினால் தள்ளிப் போகிறது. 12-ஐச் சரிசெய்தால் சும்மா மீட்டுவது கெடுகிறது. முதல் நாள் இரண்டும் சரியாக இருந்த அதே கம்பி!

காரணம் இதுதான். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் தோல் துகளும் சுற்றின் இடுக்கில் புகுந்து அடைக்கின்றன. உயர்ந்த அதிர்வுகளை அந்தப் பசை விழுங்கிவிடும், ஓசை மங்குகிறது. அதோடு அழுக்கும் துருவும் கம்பி முழுக்க ஒரே அளவாகச் சேர்வதில்லை. ஓரிடம் கனம், ஓரிடம் லேசு. அடியில் கட்டை தேய்த்த பள்ளம் வேறு. எடை சீராக இல்லாத கம்பியை ஓர் இடத்தில் சுருதி சேர்த்தால் இன்னோர் இடத்தில் பிசகும். எவ்வளவு நல்ல காது இருந்தாலும் அதைச் சேர்க்க முடியாது.

அவன் டியூனரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கும் இதே மாதிரிதான்டா போச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பிறகு பூச்சுக் கம்பி. இந்தப் பூச்சின் கதையைத் தம்பிகள் கேட்க வேண்டும். 1938-ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்சாதன வாயு ஆராய்ச்சியில் எதிர்பாராமல் கண்டது டெஃப்ளான் என்ற பொருள். 1969-ல் பாப் கோர் என்பவர் அதைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அறுந்தது. சலித்துப்போய் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். அறுபடாமல் பல மடங்கு நீண்டு, உள்ளே காற்றறைகள் நிறைந்த மெல்லிய பொருள் ஆகிவிட்டது. மழைச்சட்டை, செயற்கை இரத்தக்குழாய் என்று எங்கெல்லாமோ போய், 1990-களில் எலிக்ஸர் என்ற பெயரில் கிட்டார் கம்பிக்கும் வந்தது. சுற்றி முடித்த கம்பியின்மேல் மெல்லிய உறைபோலப் போர்த்துவார்கள். இடுக்குக்குள் அழுக்கு இறங்காது. சுற்றும் கம்பிக்கு முதலிலேயே பூச்சுப் பூசிவிட்டுச் சுற்றும் முறையும் உண்டு.

முதல் நாள் அவன் சொன்னது: "என்னடா, கம்பளி போர்த்தின மாதிரி இருக்கு." உண்மைதான். புதுச் சாதாரணக் கம்பியின் கணீர் இதில் இல்லை. விரலும் வழுக்குகிறது. அலுவலக நண்பர் ஒருவரைப் பதிவுகளைக் கலைத்துப் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேட்டோம். பூச்சுக் கம்பியின் முதல் நாள் பதிவை, இரண்டு வாரம் பழகிய சாதாரணக் கம்பி என்று அடித்துச் சொன்னேன். நண்பனோ சரியாகச் சொன்னான். காது இல்லாதவன் யார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆனால் எட்டாவது ஞாயிறும் பூச்சுக் கம்பி கிட்டத்தட்ட முதல் நாள் போலவே இருந்தது. 12-ஆம் கட்டை பிசகவில்லை. பன்னிரண்டாவது வாரத்தில்தான் விரல் படும் இடத்தில் பூச்சு பஞ்சுபோலப் பிரிய ஆரம்பித்தது. அங்கே கிழிந்தால் அங்கே அழுக்கு இறங்கும். கட்டைவிரலால் ஓங்கி அடித்து வாசிப்பவர்களுக்கும், பிளெக்ட்ரம் பிடிப்பவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் பிரியலாம்.

ஆகவே எல்லோரும் பூச்சுக் கம்பி வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கிட்டார், ஒரு ஜோடிக் கை. இதை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தட்டையாகச் சுற்றிய கம்பிகளை மாற்றாமலே வைத்திருந்தார். அந்த மங்கிய ஓசைதான் அவருக்கு வேண்டியிருந்தது. கை காய்ந்தவர்களுக்குச் சாதாரணக் கம்பி போதும். கைகழுவிவிட்டு வாசிப்பதும், முடித்தபின் பழைய வேட்டித் துணியால் துடைப்பதும்தான் மிக மலிவான பூச்சு. ஆனால் கை வேர்க்கிறவனுக்கு, மாதாமாதம் புதுக் கம்பி வாங்க முடியாதவனுக்கு, விலை கூடினாலும் பூச்சுக் கம்பி கணக்கில் லாபம்தான்.

இனி அந்தக் கடன். 2008-ல் ஒரு டியூனரை 12-ஆம் கட்டையில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் பார்க்கவில்லை. கம்பியைச் சந்தேகிக்காமல் ஆளைச் சந்தேகித்தேன். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திரும்பப் பெறவேண்டும். நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய், எனக்குத் தெரியும். உன் காதில் குற்றமில்லைடா. என்னை மன்னித்துவிடு. அவன் இப்போது ஞாயிறுதோறும் அவர்கள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறான் என்பதையும் இந்த அவைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இருவர் சார்பில் இசைக்குழுவுக்கு இரண்டு செட் பூச்சுக் கம்பியும், ஒரு டியூனரும், கம்பி மாற்றிய தேதி எழுத ஒரு நோட்டும் கொண்டுவந்திருக்கிறோம். முதல் பக்கத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: "முதலில் கம்பியை மாற்றிப் பார். ஆளை மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம்."

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் தொழிற்சாலைக்குப் போவீர்கள், நாலு பேருக்கு மேலே உட்காருவீர்கள். அங்கேயும் இந்த வரி பயன்படும்.