ஆளில்லாத கப்பலில் ஒரு பயணம்

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன சந்திப்பில் பி பிளாக் நண்பர் காசி யாத்திரை பற்றிப் பேசினார். இந்தத் தடவை கப்பல் பயணம் பற்றிச் சொல்லுங்கள் என்று செயலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டார். கப்பல் பயணம் என்றால் நம்மில் நாலைந்து குடும்பங்கள் போய்வந்தாகிவிட்டது. அந்தப் போட்டோக்களும் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தாகிவிட்டது. அதனால் கிட்டத்தட்ட காலியாகவே ஓடிய கப்பல்களைப் பற்றிப் பேசுகிறேன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். நடுநடுவே கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. கொரோனா காலத்தில் உலகம் முழுக்கக் கப்பல்கள் நின்றுபோனபோது, 2020 நவம்பரிலேயே மறுபடி ஓட விட்ட ஊர்களில் சிங்கப்பூர் ஒன்று. அந்தப் பயணங்கள் வேடிக்கையானவை. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும், கடலில் இரண்டு மூன்று நாள் சுற்றும், எந்த ஊரிலும் நிற்காமல் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். ஏறுவதற்கு முன் கொரோனா பரிசோதனை. யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்று பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவி எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும். முதலில் பாதி ஆட்களைத்தான் ஏற்றலாம் என்றார்கள். 2021 மே மாதம் தொற்று கூடியதும் அதுவும் கால் பங்காகக் குறைந்தது. அந்தக் கால் பங்கு சமயத்தில், ஜூன் பள்ளி விடுமுறையில், மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் போனார்கள். நானும் என் மனைவியும் இங்கே ஊரடங்கில் அடைந்து கிடந்தோம். தினமும் ராத்திரி வீடியோ காலில் எங்களுக்கு அந்தக் கப்பல்தான் பொழுதுபோக்கு.

முதல் நாள் ராஜ வாழ்க்கை என்றாள். லிஃப்ட் பொத்தானை அமுக்கினால் கதவு உடனே திறக்கிறது. நீச்சல் குளத்தில் என் பேத்தி ஒருத்தி மட்டும். கரையில் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு லைஃப் கார்டு. பஃபேயில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, ஊழியர்கள்தான் பரிமாறுவார்கள் என்று அப்போது விதி. ஆட்கள் இல்லாததால் வரிசையும் இல்லை. இரண்டாவது வேளையிலேயே சர்வருக்குப் பேத்தியின் பெயரும், அவள் காளான் தொடமாட்டாள் என்பதும் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவள் குரல் மாறியிருந்தது. நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரு நிலை உண்டு. ஐந்நூறு பேருக்குச் சமையல் ஆகியிருக்கும், மழையினால் ஐம்பது பேர்தான் வந்திருப்பார்கள். பந்தியில் நாம் நாலு பேர் உட்கார்ந்திருப்போம். சாம்பார் வாளி, பொரியல் வாளி, அப்பளக் கூடை எல்லாம் நம் இலையைச் சுற்றியே நிற்கும். 'போதும்' என்று சொல்லச் சங்கடமாக இருக்கும். கப்பலிலும் அதே கதைதான். ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கில் இவர்களோடு சேர்த்து முப்பது நாற்பது பேர். மேடையிலோ முழுக் குழு, முழு ஒப்பனை, ஒரு பாட்டுக்கூடக் குறைக்கவில்லை. "நாம கை தட்டலைன்னா தட்ட வேற ஆளே இல்லைப்பா, கை வலிக்குது" என்றாள். ராத்திரி கேபினுக்குத் திரும்பும்போது அந்த நீளமான நடையில் இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், ஏசி ஓடும் சத்தம் மட்டும். பேத்தி பயந்துபோய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

நானும் மனைவியும் 2023-ல் சிங்கப்பூர் போனபோது ஒரு கப்பலில் ஏறினோம். அது நிரம்பி வழிந்தது. காலை டிபனுக்கு மேஜை பிடிக்க ஒருத்தர் தட்டோடும் ஒருத்தர் தண்ணீர் கிளாஸோடும் இரண்டு பக்கம் பிரிந்து ஓடினோம். குளத்தைச் சுற்றியுள்ள நாற்காலிகளில் ஆள் இருக்காது, துண்டு இருக்கும். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போடுவது உலக வழக்கம் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆனால் என் மனைவிக்கு அந்தக் கூட்டம்தான் பிடித்திருந்தது. "ஜனம் இருந்தாத்தான் திருவிழா" என்றாள்.

விருப்பமே இல்லாமல் காலியான கப்பலும் உண்டு. 'பசிபிக் பிரின்சஸ்' என்ற கப்பல், சுமார் 670 பயணிகளுக்கானது, 2020 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பியது. பயணம் நடந்துகொண்டிருக்கும்போதே மார்ச் மாதம் அந்த நிறுவனம் எல்லாக் கப்பல்களையும் நிறுத்துவதாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தில் பயணிகளை இறக்கி, விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். ஆனால் உடல்நிலை காரணமாக விமானத்தில் ஏற முடியாதவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது? அவர்களுக்காகவே அந்தக் கப்பல் பசிபிக் பெருங்கடலைக் கடந்து, ஏறக்குறைய ஒரு மாதம் ஓடி, ஏப்ரல் 20-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தது. பயணிகளைவிட ஊழியர்கள் அதிகம். அந்த நூற்றுச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் நம் வயதுக்காரர்களாகவோ அதற்கு மேலாகவோதான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிய கப்பலை நமக்காக மட்டும் ஓட்டுகிறார்கள் என்றால் சந்தோஷப்படுவோமா, கவலைப்படுவோமா? யோசித்துப் பாருங்கள்.

இனி கணக்கு. ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்: ஆள் குறைந்தால் கப்பல் லேசாகி அதிகம் ஆடாதா? ஆடாது. நாலாயிரம் பேரையும் சேர்த்து எடை போட்டால் முந்நூறு டன் வரும். அந்த அளவு கப்பலுக்கு அது தூசு. எடையைச் சரிசெய்ய அடித்தொட்டிகளில் கடல் நீரை ஏற்றி இறக்கிக்கொள்வார்கள். ஆக, ஆள் இல்லை என்பதால் எண்ணெய்ச் செலவும் பெரிதாகக் குறையாது. ஏசி ஓட வேண்டும், கடல் நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் ஓட வேண்டும், விளக்கு எரிய வேண்டும். கேப்டன், எஞ்சினியர், உயிர்காப்புப் படகுகளை இறக்கத் தெரிந்த ஆட்கள் எல்லாம் சட்டப்படி இருந்தே ஆக வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். 2,000 பேர் கொள்ளும் கப்பல். ஓடினாலே ஒரு நாளைக்கு ஒரு கோடி ரூபாய் நிலையான செலவு. அதற்கு மேல் சாப்பாடு, சலவை என்று ஒரு பயணிக்கு 1,000 ரூபாய். கப்பல் நிரம்பினால் தலைக்கு 6,000 ரூபாய் அடக்கம். 500 பேர்தான் வந்தால் அதே அடக்கம் 21,000. டிக்கெட் 8,000 ரூபாய் என்று வையுங்கள். ஒவ்வொரு பயணியும் 1,000 போக 7,000 ரூபாயை நிலையான செலவுக்குக் கொடுக்கிறார். 500 பேரிடமிருந்து 35 லட்சம் வரும்; மீதி 65 லட்சம் தினமும் நஷ்டம். கையைக் கடிக்காமல் இருக்க சுமார் 1,430 பேர் வேண்டும்.

நிஜத்தில் இந்தத் தொழிலில் 'முழுக் கொள்ளளவு' என்பதையே கேபினுக்கு இரண்டு பேர் என்றுதான் கணக்கிடுகிறார்கள். குழந்தைகள் மூன்றாவது நாலாவது படுக்கையில் வந்தால் நூற்றுக்கு மேல் போகும். 2019-ல் கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டு நிறுவனங்களுமே 105 சதவீதத்துக்கு மேல் காட்டின. டிக்கெட் தவிர, ஏறிய பிறகு கடை, பார், சூதாட்டம், சுற்றுலா என்று நாம் செலவழிப்பதும் அவர்கள் வருமானத்தில் பெரிய பங்கு. கால் பங்குக் கப்பலில் அதுவும் கால் பங்குதான்.

அப்படியானால் என் மகள் அனுபவித்த அந்த ராஜ வாழ்க்கைக்கு யார் பணம் கொடுத்தது? முதலில் கடன் கொடுத்தவர்கள். 2020 ஏப்ரலில் கார்னிவல் கப்பல்களை ஈடு காட்டி, 400 கோடி டாலரை 11.5 சதவீத வட்டிக்கு வாங்கியது. டாலருக்கு 11.5 சதவீதம்! நகைக்கடன் கவுன்ட்டரில் பார்த்த முகங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. நல்ல வட்டிக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள் என்ற நிலையில்தான் மனிதர்கள் அப்படி வாங்குவார்கள். அந்த வருஷம் அவர்களுக்கு நஷ்டம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல். தாக்குப்பிடித்தவர்கள் பெரியவர்கள். சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஓட்டிய கென்டிங் ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் கலைப்பு மனு போட்டது. நம் நாட்டிலும் 2019-ல் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய 'கர்ணிகா' கப்பல், 2020 முடிவதற்குள் உடைப்பதற்காக குஜராத்தின் அலங் கரைக்குப் போய்விட்டது.

அடுத்தது ஊழியர்கள். பல நிறுவனங்கள் டிப்ஸ் என்று ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று பில்லிலேயே சேர்க்கின்றன. பயணி குறைந்தால் அது குறையும். கூட்ட வேண்டிய நடையின் நீளம் குறையாது. கேபின் சுத்தம் செய்தவர் மங்களூர்ப் பக்கத்துப் பையன் என்று மகள் சொன்னாள். அதற்கு முந்தைய வருஷம் ஒரு கப்பலில் பயணிகளே இல்லாமல் மாதக்கணக்கில் நடுக்கடலில் அடைந்து கிடந்தவன். இறங்கவும் அனுமதி இல்லை, சம்பளமும் இல்லை. 2020-ல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கப்பல் ஊழியர்கள் அப்படித்தான் சிக்கிக்கொண்டார்கள். அவனுக்குக் கால் பங்குக் கப்பல் காலியாகத் தெரியவில்லை, "கூட்டம் வர ஆரம்பிச்சிருக்கு மேடம்" என்றானாம்.

இதைப் பேசும்போது நம் விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது. சொல்லாமல் போக மனசில்லை. பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டுகளுக்கு மெயின்டனன்ஸ் கட்டணத்தைப் பாதியாக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. கேட்பவர்கள் நியாயமில்லாதவர்கள் அல்ல. வாடகைக்கு ஆள் கிடைக்காமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். வீடு காலியாக இருந்தால் தண்ணீர் செலவில்லை, குப்பை இல்லை. அந்த அளவுக்குக் குறைக்கலாம், நானே கை தூக்குகிறேன். ஆனால் லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர், காவலாளி சம்பளம், படிக்கட்டு விளக்கு இவை எல்லாம் கப்பலின் எண்ணெய் மாதிரி. அதில் பாதியைத் தள்ளுபடி செய்தால் மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவார், அல்லது காவலாளிகளில் ஒருவரை நிறுத்துவோம். பொருளாளர் இரண்டு வகைச் செலவையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய பிறகு ஓட்டெடுப்பு வைத்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். எதிர்ப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடிக்கலாம்.

இனி, காலியான கப்பல் வேண்டும் என்பவர்களுக்கு. கால் பங்குக் கப்பல் இப்போது கிடைக்காது. எல்லாம் நிரம்பித்தான் போகிறது. ஆனால் கூட்டம் குறைவான நாட்கள் உண்டு. பள்ளி நடக்கும் சமயத்தில், வார நடுவில் கிளம்பும் பயணங்களைப் பாருங்கள். பருவம் மாறும்போது ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கப்பலையே இடம் மாற்றுவார்கள். ஒருவழிப் பயணம், நாள் அதிகம், நாள் கணக்கில் பார்த்தால் விலை மலிவு. அதில் குழந்தைகள் குறைவு, நம் வயதுக்காரர்கள் அதிகம். திரும்பி வர விமான டிக்கெட் தனி என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தனியாகப் போகிறவர்கள் கேபினுக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தை ஒட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். கேபின் இரண்டு பேருக்கு என்று விற்கும் தொழில், காலிப் படுக்கைக்கும் பணம் கேட்கும். நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் இரண்டு தோழிகள் சேர்ந்து ஒரே கேபின் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. சி பிளாக்கில் ஏற்கெனவே அப்படி ஒரு பேச்சு ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன்.

'பசிபிக் பிரின்சஸ்' என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2021-ல் கைமாறி, 'அசமாரா ஆன்வர்ட்' என்ற புதுப் பெயரில் 2022-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. டீயும் போண்டாவும் தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். கேள்விகளை அங்கேயே கேளுங்கள்.