சலங்கையும் சென்சாரும்



கல்வராயன் மலையில், வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியலைக் கையால் பிடித்தால் நிலையம் தெளிகிறது. கையை எடுத்தால் மறுபடியும் இரைச்சல். நம் உடம்பும் மின்சுற்றில் ஒரு பாகமாகிவிடுவதால் வருகிற மாற்றம் அது. இரவில் மத்திய அலையில் இரண்டு நிலையங்கள் நெருங்கி இடித்துக்கொள்ளும்போது 'ஊய்' என்று ஒரு விசில் கிளம்புமே, அதுவும் உங்களுக்குப் பழக்கமானதுதான்.

இந்த இரண்டு தொந்தரவுகளையும் சேர்த்து ஓர் இசைக்கருவியே செய்துவிட்டார் ரஷ்யாவின் லெவ் தெரமின். இயற்பியல் படித்தவர், செல்லோ வாசிப்பவர். 1920 வாக்கில் அவர் செய்த பெட்டிக்குள் இரண்டு அலையியற்றிகள் இருந்தன. ஒன்றின் அதிர்வெண் மாறாது. மற்றொன்று, வெளியே நீட்டியிருக்கும் கம்பியைக் கை நெருங்க நெருங்க மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் காதில் சுரமாக விழுகிறது. ஒரு கை சுரத்தைக் கவனித்துக்கொள்ளும், மறு கை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். கருவியைத் தொடவே வேண்டாம். 1922இல் லெனின் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டினார். அவர் பெயரே கருவிக்கும் பெயராகிவிட்டது.

தெரமின் அதோடு விடவில்லை. ஆடுகிறவரின் முழு உடம்பும் சுரம் எழுப்பினால் என்ன என்று ஒரு மேடைப்பலகை செய்தார். டெர்ப்சிடோன் என்று பெயர். அதன்மேல் நின்று கை தூக்கினால் சுரம் ஏறும், குனிந்தால் இறங்கும். 1932இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அதைக் காட்டினார்கள். சுருதி பிசகாமல் அதில் ஒரு பாட்டை எழுப்பிக் காட்டியவர் யார் தெரியுமா? வயலின் பயின்ற கிளாரா ராக்மோர். ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. இதை அவர்கள் குறை என்று நான் சொல்லமாட்டேன். முழங்காலைக் கால் அங்குலம் மடக்கினால் பஞ்சமம் பிசகிவிடும் என்று பயந்துகொண்டே ஒருவர் எப்படி ஆடுவார்?

1965 ஜூலையில் அதே நியூயார்க்கில் இன்னொரு முயற்சி. ஜான் கேஜ் இசை, மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனம், பெயர் 'வேரியேஷன்ஸ் 5'. மேடையில் ராபர்ட் மூக் செய்துகொடுத்த ஏரியல் கம்பங்கள். கூடவே ஒளியை உணரும் கண்கள். ஆடுகிறவர்கள் அவற்றின் அருகே போகும்போதும் ஒளிக்கற்றையைக் கடக்கும்போதும் ஒலி புறப்படும். ஆனால் எந்த ஒலி வெளியே வரலாம், எது வரக்கூடாது என்பதை ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்குப் பின்னால் நின்ற இசைக்காரர்கள் முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் டூடர்தான் 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மூக் சிந்தசைசரை அங்கே நிறுவியவர். கீதா சாராபாய் உள்ளிட்ட நம்மவர்கள் அதில் செய்த மின்னணு இசையின் நாடாக்கள் பல்லாண்டுகள் அலமாரியில் கிடந்து, 2023இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

நமக்கு நெருக்கமான பெயருக்கு வருகிறேன். 2016 ஜனவரி, லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சி, இன்டெல் நிறுவனத்தின் மேடை. ஏ. ஆர். ரஹ்மானும் உடன் வந்த கலைஞர்களும் கையை வீச வீசக் காற்றிலிருந்து இசை பிறந்தது. உள்ளே இருந்தது க்யூரி என்ற, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு சில்லு. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று அது கணக்கிட்டு அனுப்பும். அடுத்த ஆண்டே, 2017இல், இன்டெல் அந்தச் சில்லைக் கைவிட்டுவிட்டது. அதை நம்பிக் கருவி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு மிருதங்கத்துக்கு வார் இழுத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கம்பெனி கைவிட்ட சில்லை எந்தக் கடையில் கொடுத்துச் சரிபார்ப்பது?

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் யாராவது அசைவிலிருந்து இசை எழுப்பும் முயற்சியில் இறங்கினால் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெருக்கூத்துக்காரரிடம்தான் போக வேண்டும். உடம்பு அசைந்தால் ஒலி பிறக்க வேண்டும் என்பதை அவர் சலங்கையில் எப்போதோ தீர்த்துவிட்டார். கால் தரையில் படும் அதே கணத்தில் மணி பேசும். மெல்ல வைத்தால் மெல்ல, ஓங்கி வைத்தால் ஓங்கி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரர் அந்தக் காலைப் பார்த்தபடியே அடிப்பார். ஆடுகிறவரைச் சுருதி சேர்க்கச் சொல்லி யாரும் படுத்துவதில்லை. சுருதியை ஆர்மோனியமும் முகவீணையும் பார்த்துக்கொள்கின்றன.

இப்போது அந்தக் காலில் ஒரு சென்சாரைக் கட்டுகிறோம் என்று வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செல்போனைச் சாய்த்தால் படம் சாய்கிறதே, அந்த வேலையைச் செய்யும் சென்சார்தான். கணினியில் ஒலியாக மாற்ற 'ப்யூர் டேட்டா' என்ற மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. மலையில் சிக்னலை நம்பியிருக்க முடியாது என்பதால், இணையம் இல்லாமலே எல்லாம் நடக்கிற மாதிரி முதலிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். காலடி எவ்வளவு ஓங்கி விழுந்தால் ஒலி கிளம்ப வேண்டும்? அளவைக் குறைத்து வைத்தால், சும்மா நடந்து போனாலும் இடி இடிக்கும். கூட்டி வைத்தால் விடியற்காலையில் ஊமையாகிவிடும். கூத்து இரவு முழுக்க நடப்பது அல்லவா? இரவு பத்து மணிக்குத் துரியோதனன் வைக்கும் அடியும் நாலு மணிக்கு வைக்கும் அடியும் ஒன்றாக இருக்குமா? மிருதங்கக்காரர் அதைக் கண்ணாலேயே கண்டு கையை மாற்றிக்கொள்வார். கணினிக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும், அதற்கு ஒரு முழு இரவு ஆட்டத்தையாவது அளந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தாமதம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் தாளம் நம் காதுக்கு வர நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகிறது, அது யாரையும் உறுத்துவதில்லை. புளூடூத் ஸ்பீக்கர் என்றால் பல சமயம் நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகிவிடும். விரைவு நடையில் நொடிக்கு நாலு அடி வைக்கிறவருக்கு, முதல் அடியின் சத்தம் கிட்டத்தட்ட இரண்டாவது அடியோடு போய் மோதும். ஆட்டமே குலைந்துவிடும். வயர் போட்டுவிடுங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

சென்சாரை எங்கே கட்டுவது என்பதையும் ஆடுகிறவரிடமே கேட்டால் நல்லது. கூத்துக்காரர் தோளில் அணியும் புஜக்கட்டை லேசான மரத்தில் செய்வது, அதற்குள் ஒரு சென்சாரை ஒளித்துவைப்பது கஷ்டமில்லை. தோள் குலுங்குவதில் கோபமும் தெரியும், கொக்கரிப்பும் தெரியும். புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பம் செய்கிற கைகள் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கும்போது, பிளாஸ்டிக் டப்பா எதற்கு?

மலையில் வாய்த்த வசதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியார் அருவிப் பக்கம் தண்ணீர் கொட்டும்போது மைக் வைத்தால் அருவியைத் தவிர வேறு எதுவும் பதிவாகாது. அசைவைப் பிடிக்கும் சென்சாருக்குக் காது கிடையாது, அருவி அதை ஒன்றும் செய்யாது. அங்கே ஆடிய ஆட்டத்தை அடியடியாக எண்களில் பதிந்து வந்து, பிறகு நிதானமாக உட்கார்ந்து ஒலி கொடுக்கலாம். எந்த அடிக்கு எந்த ஒலி என்பதை மட்டும் கணினி தெரிந்த பையன்கள் தாங்களே முடிவுசெய்துவிடக் கூடாது. ஆடியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது வேண்டாம், அது இருக்கட்டும் என்று அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். 'வேரியேஷன்ஸ் 5' மேடையில் மிக்சருக்குப் பின்னால் ஆடுகிறவருக்கு இடமில்லை. இங்கே ஒரு நாற்காலி கூடப் போடலாம்.

திறந்தவெளிக் கூத்துக்கு அழைப்பு குறைகிற மழை மாதங்கள் இதற்குத் தோதான காலம். ஐப்பசியில் ஒத்திகை தொடங்குங்கள். ஒத்திகைக்கும் ஆட்டத்துக்குக் கொடுப்பது போலவே சம்பளம் பேசிவிடுங்கள். இசை வெளியாகும்போது கூத்துக்காரர் பெயரை நன்றி சொல்லும் பட்டியலில் போடாமல், இசை அமைத்தவர்கள் வரிசையில் போடுங்கள்.